மாலுமிகள் நல அலுவலர் தூதரான கதை: எஸ். ஆர். நாதன் நடந்த வழி

பொன்விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுப் பெரியவர்கள் எங்களிடம் கேட்டார்கள். நாங்கள் வரலாறு படித்தவர்கள் அல்லர். பலதுறைத் தொழிற்கல்லூரி டிப்ளோமாவோடு தேக்காவில் கடை திறந்தவர்கள். ஆகவே எங்களுக்குப் பிடித்த, எங்களால் தேடிப் படிக்க முடிந்த ஒரு வாழ்க்கையை எடுத்துக்கொண்டோம். அது கடலோரத்தில் தொடங்கிய ஓர் அரசுப் பணி. போய்ச் சேர்ந்த இடம் வெளிநாட்டுத் தூதரகம், பிறகு இஸ்தானா.

கடற்படையிலிருந்து தூதர் பணிக்குப் போவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1999 முதல் 2003 வரை கடற்படைத் தளபதியாக இருந்த லூய் டக் இயூ பிறகு போக்குவரத்து அமைச்சரானார். 2017இல் ஜப்பானுக்கும், 2019இல் சீனாவுக்கும், 2023இல் அமெரிக்காவுக்கும் சிங்கப்பூரின் தூதராகச் சென்றார். இந்தியாவிலும் ஒரு பழைய உதாரணம் உண்டு. செங்கல்பட்டில் பிறந்த ராம்தாஸ் கட்டாரி 1958 ஏப்ரலில் இந்தியக் கடற்படையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர்தான். ஓய்வுக்குப் பின் 1964இல் பர்மாவுக்கான இந்தியத் தூதரானார். அந்த ஆண்டில் ரங்கூனில் கடை வைத்திருந்த நம்மவர்களுக்கு என்ன நடந்தது என்பதை இந்த மலரைப் படிக்கும் சில வீடுகளில் விளக்க வேண்டியதில்லை. கடைகள் அரசுடைமையாயின, ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாதவையாயின, இலட்சக்கணக்கானோர் கைப்பெட்டியோடு கப்பல் ஏறினார்கள். ஓர் ஆட்சியின் ஒரே உத்தரவில் மூன்று தலைமுறை வியாபாரம் போய்விட்டது. அப்படிப்பட்ட நேரத்தில் ஓர் ஊரில் தூதராக உட்காருவது விருந்துக்குப் போய்வரும் வேலையாக இருந்திருக்காது.

ஆனால் எங்கள் கட்டுரை இவ்விருவரைப் பற்றியதல்ல. எஸ். ஆர். நாதன் கடற்படைச் சீருடை அணிந்தவர் அல்லர். கப்பலில் வேலை செய்தவரும் அல்லர். கப்பலில் வேலை செய்தவர்களின் குறைகளைக் கேட்கும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர். அங்கிருந்து அவர் எப்படி வாஷிங்டன் வரை போனார் என்பதுதான் எங்களை இழுத்தது.

முதலில் கடலைப் பற்றிச் சிறிது. சிங்கப்பூர் ஆற்றில், கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கு ஏற்றி இறக்கிய தொடக்கத் தலைமுறைத் தோணிக்காரர்களில் சூலியாக்கள் பெரும்பங்கினர். சூலியா தெரு அவர்கள் விட்டுச்சென்ற பெயர். சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ பள்ளிவாசல் 1826இல் தொடங்கியது. தெலுக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையில் நாகூர் தர்கா எழுந்தபோது தெலுக் ஆயர் கடற்கரையாகவே இருந்தது. கப்பல் விட்டு இறங்கியவர்கள் நாலு எட்டு வைத்து உள்ளே போய், பத்திரமாக வந்து சேர்ந்ததற்கு நன்றி சொன்னார்கள். இன்று அங்கிருந்து கடலைப் பார்க்க வேண்டுமானால் பல உயர்ந்த கட்டடங்களைத் தாண்ட வேண்டும். நம் அப்பாக்கள் காலத்தில் சபர் என்றால் நாகப்பட்டினத்தில் ஏறி இங்கே இறங்கும் 'ரஜுலா' கப்பல். 1926இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1970களின் தொடக்கம் வரை ஓடியது.

பயணியாகக் கப்பலில் வந்தவர் வேறு, கப்பலையே பிழைப்பாகக் கொண்டவர் வேறு. 1950களில் சிங்கப்பூரில் மாலுமி வேலை நிரந்தர வேலை அல்ல. ஒரு பயணத்துக்கு ஒப்பந்தம், முடிந்ததும் கரையில் இறக்கிவிடுவார்கள். அடுத்த கப்பல் கிடைக்கும்வரை தங்கும் விடுதியில் கடன் ஏறும். கப்பலுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் இடைத்தரகரை 'காட் செராங்' என்பார்கள். அவர் கண் வைத்தால்தான் வேலை. அதற்கு அவருக்கு ஒரு பங்கு. சம்பளம் குறைந்தாலும், கை முறிந்தாலும், ஆள் நடுக்கடலில் இறந்தாலும் யாரிடம் போய்க் கேட்பது?

1956இல் அரசாங்கத்தின் மாலுமிகள் நல அலுவலராக நியமிக்கப்பட்டவர் நாதன். வயது முப்பத்திரண்டு. அதற்கு முந்தைய ஆண்டு மருத்துவமனையில் சமூக நலப் பணியாளராக இருந்தார். அதாவது, ஏழை நோயாளியின் வீட்டு நிலைமையை விசாரித்து உதவிக்கு வழி செய்பவர். அவர் கையில் இருந்தது மலாயாப் பல்கலைக்கழகம் 1954இல் சிங்கப்பூரில் வழங்கிய சமூகவியல் டிப்ளோமா. சிறப்புத் தேர்ச்சி பெற்றிருந்தார், என்றாலும் அது டிப்ளோமாதான், பட்டம் அல்ல. பிள்ளையின் தேர்வு முடிவு வந்த அன்று வீட்டில் பேச்சு நின்றுபோகிற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்காக இந்த வரியைச் சற்று அழுத்தியே எழுதுகிறோம்.

அவர் வளர்ந்த கதையும் நேர்கோடு அல்ல. 1924 ஜூலை 3ஆம் தேதி சிங்கப்பூரில் பிறந்தார். சிறுவயது ஜொகூரின் மூவாரில் கழிந்தது. தந்தை வழக்கறிஞர் அலுவலகத்தில் எழுத்தர். ரப்பர் விலை விழுந்த காலத்தில் கடன் ஏறி, அதன் பாரத்தில் தன் உயிரையே மாய்த்துக்கொண்டார். மகனுக்கு எட்டு வயது. கடன்காரன் கதவைத் தட்டும் ஓசை ஒரு பிள்ளையின் காதில் எப்படி விழும் என்று வியாபாரக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு சிங்கப்பூரில் ரங்கூன் சாலைப் பிற்பகல் பள்ளி, விக்டோரியா பள்ளி என்று படித்தார். இரண்டும் இன்றைய லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்துபோகிற தூரம். பள்ளியிலிருந்து நீக்கப்பட்டதும் உண்டு, பதினாறு வயதில் வீட்டைவிட்டு ஓடியதும் உண்டு. இவற்றை அவர் மறைக்கவில்லை. 2011இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்பு நூலில் தாமே எழுதிவைத்தார். எங்களுக்கு அவரிடம் பிடித்தவற்றில் அதுவும் ஒன்று.

ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் ஜப்பானிய மொழியைக் கற்று மூவாரில் அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அந்த வேலையைப் பற்றிப் பின்னாளில் சிலர் கேள்வி எழுப்பினார்கள். கேள்வி நியாயமானதே. பசியும் பயமும் ஆண்ட காலத்தில் பதினெட்டு வயது இளைஞனுக்கு எத்தனை கதவுகள் திறந்திருந்தன என்பதையும் சேர்த்துத்தான் நாம் பார்க்க வேண்டும். போர் முடிந்தபின் தாமாகவே படித்துப் பள்ளிப் படிப்பை முடித்து, இருபதுகளின் பிற்பகுதியில்தான் பல்கலைக்கழக வாசலை மிதித்தார்.

மாலுமிகள் அலுவலகத்தில் ஆறு ஆண்டுகள். அங்கே வந்து நின்றவர்கள் மலாய்க்காரர், சீனர், இந்தியர் எல்லாரும்தான். ஒருபக்கம் கப்பல் நிறுவனம், மறுபக்கம் தொழிற்சங்கம், நடுவில் இவர். குரல் உயர்த்துகிறவரை அமர வைப்பது, சொன்னதைச் சொன்னபடி எழுதி மேலிடத்துக்குக் கொண்டுபோவது, கிடைக்காததைக் கிடைக்கும் என்று சொல்லாமலிருப்பது. தூதர் வேலைக்கு இதைவிட நல்ல பயிற்சி எந்தக் கல்லூரியில் கிடைக்கும் என்று எங்களுக்குத் தெரியவில்லை. 1962இல் தொழிலாளர் ஆய்வுப் பிரிவுக்கு அனுப்பப்பட்டார். தொழிற்சங்கங்கள் நடுவர் மன்றத்தில் வாதாடக் கணக்கும் சான்றும் திரட்டிக் கொடுப்பது அதன் பணி. சங்கங்கள் இடதுசாரி அணி, என்டியுசி அணி என்று பிளந்து கிடந்த ஆண்டுகள் அவை. அந்தப் பிரிவின் இயக்குநராகவும் உயர்ந்தார்.

1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் தனி நாடானது. வெளியுறவு அமைச்சு என்ற ஒன்றே அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. அமைச்சர் எஸ். ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்து சிரம்பானில் வளர்ந்த தமிழர். 1966 பிப்ரவரியில் நாதன் அங்கே உதவிச் செயலாளராகச் சேர்ந்தார். நாற்பத்தொரு வயதில் புதுத் தொழில்! அடுத்த ஆண்டே ஆசியான் பிறந்தது. ஐந்து ஆண்டுகளில் உள்துறை அமைச்சுக்கும், 1971 ஆகஸ்டில் தற்காப்பு அமைச்சின் பாதுகாப்பு, உளவுத்துறைப் பிரிவுக்கும் மாற்றப்பட்டார். அந்தப் பிரிவின் இயக்குநராக இருந்தபோது நடந்ததுதான் லாஜு சம்பவம். இளையவர்கள் பெயரைக்கூடக் கேள்விப்படாததால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறோம்.

1974 ஜனவரி 31. புலாவ் புக்கோமில் 1961 முதல் இயங்கிவந்த ஷெல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைக்குள் நான்கு பேர் துப்பாக்கிகளோடும் வெடிமருந்தோடும் புகுந்தார்கள். இருவர் ஜப்பானியச் செம்படையினர், இருவர் பாலஸ்தீன விடுதலை மக்கள் முன்னணியைச் சேர்ந்தவர்கள். எண்ணெய்த் தொட்டிகளுக்கு ஏற்பட்ட சேதம் அவர்கள் நினைத்த அளவுக்கு இல்லை. தப்பியோடும்போது படகுத்துறையில் நின்ற 'லாஜு' என்ற பயணிப் படகைக் கைப்பற்றினார்கள். படகில் இருந்த ஐந்து ஊழியர்கள் பிணையாயினர். கடற்படைப் படகுகளும் கடலோரக் காவல் படகுகளும் துரத்திச் சென்று நடுக்கடலில் லாஜுவைச் சுற்றி வளைத்தன.

பாலஸ்தீன மக்கள் இழந்த நிலமும் வீடும் நம் மனத்தில் எப்போதும் உள்ள துயரம். அதை இங்கே மறைக்க வேண்டியதில்லை. ஆனால் லாஜுவில் சிக்கியவர்கள் யாருடைய நிலத்தையும் பறித்தவர்கள் அல்லர். கூலிக்குப் படகு ஓட்டியவர்கள். நம் பாட்டனார்களைப் போன்ற கடல் தொழிலாளிகள். நாதன் மாலுமிகள் அலுவலகத்தில் ஆறு ஆண்டுகள் யாருக்காகப் பேசினாரோ, அதே வகை மனிதர்கள் இப்போது துப்பாக்கி முனையில் இருந்தார்கள்.

பேச்சுவார்த்தை நாள்கணக்கில் நீண்டது. இடையில் ஒரு நாள் பிணையாளிகளில் இருவர் கடலில் குதித்துத் தப்பினார்கள். மீதி மூவர். கடலோரக் காவல் பிரிவின் அதிகாரியாக இருந்து படகருகே சென்று பேசியவர்களில் ஒருவர் டீ துவா பா. அவர் பின்னாளில் காவல்துறை ஆணையராகி, ஓய்வுக்குப் பின் புருணையிலும் எகிப்திலும் சிங்கப்பூரின் தூதராகப் பணியாற்றினார். கடலில் தொடங்கித் தூதரகத்தில் முடிந்த இன்னொரு வழி அது.

பிப்ரவரி 6ஆம் தேதி நிலைமை தலைகீழானது. குவைத்தில் இருந்த ஜப்பானியத் தூதரகத்தை அதே முன்னணியைச் சேர்ந்த வேறொரு குழு கைப்பற்றித் தூதர் உள்ளிட்டோரைப் பிணையாக்கியது. புக்கோம் ஆட்களைக் குவைத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது கோரிக்கை. ஜப்பான் விமானம் தர ஒப்புக்கொண்டது. ஆயுதங்களை ஒப்படைத்துவிட்டு விமானம் ஏற வேண்டும் என்பது சிங்கப்பூரின் நிபந்தனை. வழியில் தங்களுக்கு எதுவும் நேராது என்பதற்கு என்ன உத்தரவாதம் என்பது அவர்களின் கேள்வி.

அதற்குப் பதிலாகப் பதின்மூன்று சிங்கப்பூர் அதிகாரிகள் விமானத்தில் உடன் சென்றார்கள். தலைமை நாதன். அந்தப் பதின்மூவரும்தான் உத்தரவாதம். வியாபாரத்தில் இன்னொருவர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடவே நாம் எத்தனை இரவு யோசிப்போம்! அது காசு. போனால் மறுபடி சம்பாதிக்கலாம். இங்கே ஜாமீனாக வைக்கப்பட்டது ஆள்.

பிப்ரவரி 8ஆம் தேதி அதிகாலை பாய லேபார் விமான நிலையத்திலிருந்து விமானம் கிளம்பியது. குவைத்தில் இறங்கியதும் சிக்கல் தீரவில்லை. குவைத் அரசு அந்த ஆட்களைத் தன் மண்ணில் வைத்துக்கொள்ள விரும்பவில்லை. சிங்கப்பூர்க் குழுவும் அவர்களோடு அடுத்த நாட்டுக்குப் போகட்டும் என்ற பேச்சு எழுந்தது. போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நாதன் அங்கே நின்று வாதாடினார். நாங்கள் ஒப்புக்கொண்டது குவைத்வரை, அதற்கு மேல் எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். கடைசியில் சிங்கப்பூரர்கள் இறங்கிக்கொண்டார்கள். விமானம் மற்றவர்களோடு ஏடனுக்குப் பறந்தது. பிப்ரவரி 9ஆம் தேதி பதின்மூவரும் வீடு திரும்பினார்கள். ஓர் உயிர்கூடப் போகவில்லை.

நம் சங்கத்தின் முதல் கூட்டங்கள் நடந்த காலமும் ஏறத்தாழ இதுவே. அப்போது இளைஞர்களாக இருந்த பெரியவர்களிடம் கேட்டோம். தேக்காச் சந்தையில் வானொலிப் பெட்டியைச் சுற்றிக் கூட்டம் நின்றதைச் சொன்னார்கள். நாதன் தமிழர் என்பது சிலருக்கு அன்றுதான் தெரியும் என்றும் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவை ஆவணங்களில் நிறைய உண்டு, விரைவாகவே சொல்லலாம். 1979இல் வெளியுறவு அமைச்சின் முதல் நிரந்தரச் செயலாளர். 1982இல் 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' நிறுவனத்தின் நிர்வாகத் தலைவர். உளவுத்துறையிலிருந்த ஒருவர் செய்தித்தாளுக்குத் தலைவராவதா என்று செய்தியாளர்கள் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை. ஆறு ஆண்டுகள் அங்கே நீடித்தார். 1988இல் மலேசியாவுக்கான தூதர். இஸ்ரேலிய அதிபர் ஹெர்சாக் 1986இல் சிங்கப்பூர் வந்துபோனதால் மலேசியாவில் எழுந்த கோபம் முற்றாக ஆறாத நேரம் அது. மூவாரில் வளர்ந்தவர் கோலாலம்பூருக்குத் தூதராகப் போனது பொருத்தமான தேர்வு என்றே எங்களுக்குத் தோன்றுகிறது. அந்த மண்ணின் பேச்சும் பழக்கமும் அவருக்குப் புத்தகத்தில் படித்தவை அல்ல.

1990 ஜூலையில் வாஷிங்டன். ஆறு ஆண்டுகள். 1994இல் கார்களைச் சேதப்படுத்திய வழக்கில் மைக்கல் ஃபே என்ற பதினெட்டு வயது அமெரிக்க இளைஞனுக்குப் பிரம்படி விதிக்கப்பட்டபோது அமெரிக்கா முழுவதும் கூச்சல். அதிபர் கிளிண்டன் கேட்டுக்கொண்டதன்பேரில் ஆறு அடி நான்காகக் குறைக்கப்பட்டது, ஆனால் தண்டனை நிறைவேறியது. பிரம்படி சரியா தவறா என்பதில் எங்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு. தம் சொந்தக் கருத்து எதுவானாலும், தம் நாட்டின் சட்டத்தை அந்நிய மண்ணில் நின்று, கோபப்படாமல், திரும்பத் திரும்ப விளக்க வேண்டியது தூதரின் கடமை. கப்பல் முதலாளிக்கும் மாலுமிக்கும் நடுவே உட்கார்ந்து பழகிய பொறுமை அங்கேயும் உதவியிருக்கும்.

1991இல் சிண்டா தொடங்கியபோது அதன் தொடக்க உறுப்பினர்களில் அவரும் ஒருவர். 1999 செப்டம்பர் 1ஆம் தேதி சிங்கப்பூரின் அதிபரானார். 1999இலும் 2005இலும் அவரைத் தவிர வேறு யாருக்கும் தகுதிச் சான்றிதழ் கிடைக்காததால் வாக்களிப்பு நடக்கவில்லை. வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மக்களுக்குக் கிடைத்திருக்கலாம் என்று பலர் அப்போது குறைப்பட்டார்கள், அதையும் பதிவு செய்வதே முறை. பன்னிரண்டு ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார். உலகப் பொருளியல் நெருக்கடியின்போது 2009இல் 490 கோடி வெள்ளிவரை கடந்தகால நிதி இருப்பிலிருந்து எடுக்க ஒப்புதல் தந்தார். அப்படிச் செய்தது அதுவே முதல்முறை. அந்தப் பணத்தில் ஒரு பகுதி வேலைச் சலுகைத் திட்டமாக நிறுவனங்களுக்கு வந்தது. ஆட்குறைப்புச் செய்யாமல் அந்த ஆண்டைத் தாண்டிய சிறு கடைகள் நம் தெருக்களில் உண்டு.

2016 ஆகஸ்ட் 22ஆம் தேதி மறைந்தார். அரசு மரியாதையுடன் நடந்த இறுதிச் சடங்கில் அவருக்குப் பிடித்த ஒரு தமிழ்த் திரைப்பாடல் ஒலித்தது. 'பொற்காலம்' படத்தில், பல ஊர் மண்ணைக் கலந்து பொம்மை செய்யும் குயவனின் பாடல் அது. அன்று நேரலை பார்த்துக்கொண்டிருந்த சீன, மலாய் நண்பர்கள் எங்களிடம் அதன் பொருளைக் கேட்டார்கள். சொல்லிக் கொடுத்தோம்.

இதை எழுதத் தகவல் தேடியபோது ஒன்று கண்டோம். நாதனைப் பற்றிப் படிக்க நூல்கள் உண்டு. அவருடைய மேசைக்கு முன் வந்து நின்ற மாலுமிகளைப் பற்றி நம்மிடம் ஒரு பக்கம்கூட இல்லை. செராங்காக, எஞ்சின் அறை எண்ணெய்க்காரராக, சமையற்காரராகக் கப்பலில் போனவர்கள் நம் குடும்பங்களிலும் இருந்தார்கள். அவர்களின் மாலுமிப் புத்தகம், கப்பலிலிருந்து விடுவித்த சான்றிதழ், துறைமுக நுழைவு அட்டை, சீருடையில் எடுத்த படம் எதுவானாலும் வீட்டு அலமாரியில் இருந்தால் சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். படியெடுத்துக்கொண்டு அன்றே திருப்பித் தருவோம். தாத்தாவின் பெயர், சொந்த ஊர், எந்தக் கப்பல், எந்த ஆண்டு என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொடுத்தால் போதும். எழுத முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால் சொல்லியனுப்புங்கள், நாங்களே வந்து கேட்டு எழுதிக்கொள்கிறோம்.